ஷ்னைடர் கிண்ணப் பந்தயமும் விமானக் கலையின் வளர்ச்சியும்

பந்தயம் முடிந்த பின்னும் குதிரை குதிரையாகவே இருக்கிறது. ஆண்டுதோறும் எத்தனை கிண்ணங்களை வைத்து ஓடச் செய்தாலும் அதன் கால்கள் நான்குதான். அதன் உடலமைப்பும் பாட்டன் காலத்துக் குதிரையின் உடலமைப்பேதான். விமானப் பந்தயத்தின் கதை அத்தகையதன்று. ஒரு பந்தயத்துக்கும் அடுத்த பந்தயத்துக்கும் இடைப்பட்ட ஓரிரு ஆண்டுகளுள் விமானத்தின் இறக்கையும் இயந்திரமும் எரிபொருளும் அடியோடு மாறிவிட்டதுண்டு. அம்மாற்றங்கள் பந்தயத்தோடு நின்றுவிடவுமில்லை. அவற்றுட் சில, பத்தாண்டு கழிந்து மூண்ட உலகப் போரின் போக்கிலும் தம் பங்கினைச் செலுத்தின. அவ்வாறாயின், பந்தயம் வைத்தவர் விரும்பியது எதுவோ அது நிறைவேறியதா? விமானப் பந்தயங்களுள் மிகப் புகழ்பெற்றதாகிய ஷ்னைடர் கிண்ணப் பந்தயத்தின் வரலாறு இக்கேள்விக்கு விடை தருகின்றது.

மனிதன் இயந்திர வலுவினாற் பறக்கத் தொடங்கியது 1903ஆம் ஆண்டு டிசெம்பரில். ஆறாண்டு நிரம்புமுன்னரே, 1909ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், பிரான்சு நாட்டின் றீம்ஸ் நகரருகே முதலாவது பெரிய விமானப் போட்டி விழா நடைபெற்றது. அங்கே அமெரிக்கரான கிளென் கேட்டிஸ் என்பார் 20 கிலோமீற்றர் தூரத்தை மணிக்கு ஏறத்தாழ 75 கிலோமீற்றர் வேகத்திற் பறந்து, பத்திரிகை அதிபர் கோர்டன் பெனற் வைத்த கிண்ணத்தை வென்றார். அதன்பின் ஊருக்கு ஊர் பந்தயங்கள் தோன்றின. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை தரையில் இறங்கும் விமானங்களுக்கே உரியனவாய் இருந்தன. நீரில் எழுந்து நீரில் இறங்கும் விமானங்களைக் கவனிப்பார் அரியர்.

இக்குறையைப் போக்க முன்வந்தவர் ஜாக் ஷ்னைடர் என்னும் பிரெஞ்சுக்காரர். பீரங்கியும் உருக்கும் செய்யும் செல்வக் குடும்பத்திற் பிறந்தவர். சுரங்கப் பொறியியல் கற்றவர். வாயுக் கூண்டுகளிலும் விரைவுப் படகுகளிலும் பேரார்வம் கொண்டவர். 1910ஆம் ஆண்டில் மொந்தே காலோவில் நேர்ந்த படகு விபத்தொன்றிற் படுகாயமுற்றபின், தாம் போட்டியிடுவதை விடுத்துப் பிறருடைய போட்டிகளுக்குத் துணைநின்றார். 1912ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆந் திகதி, பிரெஞ்சு விமானக் கழகத்தார் அளித்த விருந்தொன்றில், கடல் விமானங்களுக்கென ஒரு கிண்ணத்தை வழங்குவதாக அவர் அறிவித்தார்.

அவருடைய எண்ணம் எளிமையானது. பூமியின் மேற்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு நீர். உலகின் பெருநகரங்கள் பலவும் துறைமுகங்களே. விமானம் இறங்குவதற்கு நிலத்தை வாங்கிச் சமப்படுத்தத் தேவையில்லை. இயற்கையே விரித்து வைத்த தளம் கடல். ஆகவே நாட்டையும் நாட்டையும் இணைக்கப்போவது கடல் விமானமே என அவர் நம்பினார். தொலைதூரம் பறக்கக்கூடிய, அலைகளைத் தாங்கக்கூடிய, நம்பிப் பயணம் செய்யக்கூடிய விமானங்கள் பிறக்கவேண்டும் என்பதே அவரது நோக்கம்.

கிண்ணம் என்று பெயர் பெற்றாலும் அது கிண்ணமன்று. பளிங்குப் பீடத்தின் மீது, கடலலைகளைத் தழுவும் சிறகுடைய பெண்ணுருவம் வெள்ளியிற் செய்து நிறுத்தப்பட்டது. போட்டியிடுபவை தனிமனிதர்களல்ல, நாடுகளின் விமானக் கழகங்கள். ஐந்தாண்டுக்குள் மும்முறை வெல்லும் நாட்டுக்கு அது நிரந்தரமாகச் சொந்தமாகும். பறப்பதற்கு முன் விமானம் கடலில் ஓடிக் காட்டவேண்டும். ஆறு மணி நேரம் நங்கூரத்தில் மிதந்தும் காட்டவேண்டும். மூழ்காத விமானமே பறக்கத் தகுதியுடையது என்பது இவ்விதிகளின் கருத்து.

முதற் பந்தயம் 1913ஆம் ஆண்டு ஏப்பிரிலில் மொனாக்கோவில் நடைபெற்றது. பிரெஞ்சு விமானி மொரீஸ் பிரெவோ வென்றார். இறுதிக் கோட்டைப் பறந்து கடப்பதற்குப் பதிலாக நீரில் ஓடிக் கடந்தமையால், அவரை மீண்டும் பறந்து வருமாறு நடுவர்கள் பணித்தனர். அதனாற் காலம் வீணாகி, அவருடைய சராசரி வேகம் மணிக்கு 73.6 கிலோமீற்றராகவே பதிவாயிற்று. மறு ஆண்டில் இங்கிலாந்தின் ஹவர்ட் பிக்ஸ்டன், சொப்வித் நிறுவனத்தாரின் சிறியதோர் இரட்டையிறக்கை விமானத்தில் 139.7 கிலோமீற்றர் வேகத்தில் வென்றார். அவ்விமானத்துக்கு முதலில் ஒரே மிதவைதான் பொருத்தப்பட்டிருந்தது. சோதனையில் அது கவிழ்ந்து போகவே, அந்த மிதவையை நீளவாட்டில் இரண்டாக அறுத்து, இரு மிதவைகளாக்கிப் பொருத்தினர். சில மாதங்களுள் முதலாம் உலகப் போர் மூண்டது. அதே விமானத்தின் சாயலிற் செய்யப்பட்டு ‘ஷ்னைடர்’ என்றே பெயரிடப்பட்ட விமானங்கள் பிரித்தானியக் கடற்படையிற் சேவை புரிந்தன. பந்தயத்துக்குச் செய்த பொருள் போருக்குச் செல்லும் வழக்கம் இவ்வாறு தொடக்கத்திலேயே ஏற்பட்டது.

போருக்குப் பின் 1919ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் போர்ண்மவுத் கரையில் நடந்த பந்தயம், மூடுபனியாற் குழம்பி, முடிவு செல்லாது என்று தள்ளப்பட்டது. 1920ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் நடந்த பந்தயத்துக்கு, ஒவ்வொரு விமானமும் 300 கிலோகிராம் பாரத்தைச் சுமந்து பறக்கவேண்டுமென்ற விதி வகுக்கப்பட்டிருந்தது. வணிகத்துக்குப் பயன்படும் விமானம் வேண்டுமென்ற ஷ்னைடரின் எண்ணத்துக்கு இயைந்த விதி அது. ஆனால் பறந்தது ஓர் இத்தாலிய விமானம் மட்டுமே. அடுத்த ஆண்டிலேயே பாரத்தைப் பற்றிய விதி கைவிடப்பட்டது. அன்று தொடங்கி இப்பந்தயம் கேட்டது ஒன்றே ஒன்று: வேகம்.

1920, 1921 ஆகிய இரண்டாண்டும் இத்தாலியே வென்றது. 1922ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் நகரிலும் அது வென்றிருந்தால் கிண்ணம் நிரந்தரமாக அங்கேயே தங்கியிருக்கும். பந்தயமும் அத்துடன் முடிந்திருக்கும். அதனைத் தடுத்தது ஆங்கிலேயச் சிறு நிறுவனமாகிய சூப்பர்மரீன். அரசின் உதவியின்றித் தன் சொந்தச் செலவில் அது அனுப்பிய விமானத்தை ஹென்றி பியார்ட் என்பவர் ஓட்டி, 234.5 கிலோமீற்றர் வேகத்தில் வென்றார். அந்நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் இருபத்தேழு வயதே நிரம்பிய ரெஜினோல்ட் மிட்செல். அப்பெயர் இவ்வரலாற்றிற் பின்னரும் வரும்.

1923ஆம் ஆண்டிற் பந்தயத்தின் இயல்பே மாறியது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் தம் கடற்படை விமானிகளை, முறையாகப் பயிற்றி, அரசின் செலவில் இங்கிலாந்தின் கௌஸ் நகருக்கு அனுப்பின. அவர்கள் கொண்டுவந்த கேட்டிஸ் விமானங்கள் மற்றையோரைத் திகைக்கச் செய்தன. இயந்திரத்தின் உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி ஒரே வார்ப்பாகச் செய்யப்பட்டிருந்தமையால் விமானத்தின் முகம் ஒடுங்கியிருந்தது. சுழல்விசிறி மரத்தாலன்றி உலோகத்தால் ஆனது. இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் இறக்கைகளின் மேற்பரப்பிலேயே ஓடியது. டேவிட் ரிட்டன்ஹவுஸ் 285 கிலோமீற்றர் வேகத்தில் வென்றார். தனியார் ஆர்வத்தினால் வெல்லும் காலம் முடிந்ததென்பதை அன்று யாவரும் உணர்ந்தனர்.

1924ஆம் ஆண்டு நடந்தது விளையாட்டு வரலாற்றில் நினைவிற் கொள்ளத் தக்கது. அவ்வாண்டுப் பந்தயம் அமெரிக்காவில் நடைபெறவேண்டும். ஆனால் இத்தாலியும் இங்கிலாந்தும் விமானங்களை ஆயத்தம் செய்ய இயலாது பின்வாங்கின. விதிப்படி அமெரிக்கர் தனியே ஒருமுறை பறந்து வெற்றியைத் தமதாக்கியிருக்கலாம். அவர்கள் அதைச் செய்யாது பந்தயத்தை அவ்வாண்டு நிறுத்தி வைத்தனர். 1925ஆம் ஆண்டு போல்ரிமோர் நகரில் ஜேம்ஸ் டூலிற்றில் 374 கிலோமீற்றர் வேகத்தில் மீண்டும் அமெரிக்காவுக்கு வெற்றி தேடித் தந்தார். முந்திய ஆண்டில் தனியே பறந்திருந்தால் அதுவே மூன்றாவது வெற்றியாகிக் கிண்ணம் என்றென்றைக்கும் அவர்களுடையதாகியிருக்கும். எதிரிக்குக் காட்டிய பெருந்தன்மையினால் அமெரிக்கர் கிண்ணத்தை இழந்தனர். அப்பெருந்தன்மையினாலேயே பந்தயம் உயிர் பிழைத்தது.

1926ஆம் ஆண்டில் முசோலினியின் அரசு எவ்வகையிலும் வெல்லவேண்டுமெனக் கட்டளையிட்டது. மரியோ கஸ்டோல்டி வடிவமைத்த மாக்கி விமானத்தில் மரியோ டி பெர்னார்டி 396.7 கிலோமீற்றர் வேகத்திற் பறந்து அமெரிக்க மண்ணிலேயே வென்றார். அதன்பின் அமெரிக்க அரசு போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. இங்கிலாந்தோ தன் விமானப் படையில் விரைவுப் பறப்புப் பிரிவொன்றைத் தோற்றுவித்தது. 1927ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் அப்பிரிவைச் சேர்ந்த சிட்னி வெப்ஸ்டர், மிட்செல் வடிவமைத்த ‘எஸ். 5’ விமானத்தில் 453 கிலோமீற்றர் வேகத்தை எட்டினார். இனி இரண்டாண்டுக்கு ஒருமுறை பந்தயம் வைப்பதென முடிவாயிற்று. விமானங்களை ஆயத்தம் செய்ய ஓராண்டு போதவில்லை.

இவ்வளவு விரைவாக வேகம் பெருகியது எவ்வாறு? விமானத்தை எதிர்த்து நிற்பது காற்று. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த எதிர்ப்பை அவ்வேகத்தில் வெல்வதற்கு வேண்டிய வலுவோ எட்டு மடங்காகும். ஆகவே இயந்திரத்தை மட்டும் பெருக்கிக்கொண்டு போவதாற் பயன் விளையாது. பெரிய இயந்திரம் பெரிய உடலைக் கேட்கும். பெரிய உடல் இன்னும் வலுவைக் கேட்கும். எதிர்ப்பைக் குறைக்கவும் வேண்டும், அதே அளவான இயந்திரத்திலிருந்து மிகுந்த வலுவைப் பெறவும் வேண்டும்.

முதலாவது இடர் வெப்பம். பெற்றோலை எரிப்பதாற் கிடைக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே விசிறியைச் சுழற்றப் பயன்படுகின்றது. எஞ்சியது வெப்பமாகும். மோட்டார் வண்டியின் முன்புறத்திலுள்ளது போன்ற இரேடியேற்றரை விமானத்திற் பொருத்தினால் அது காற்றை மறித்து வேகத்தைத் தின்றுவிடும். இதற்கு மிட்செல் கண்ட வழி, விமானத்தின் தோலையே இரேடியேற்றராக்குவது. 1929ஆம் ஆண்டில் அவர் அமைத்த ‘எஸ். 6’ விமானத்தின் இறக்கைகள் இரட்டைத் தகடுகளாற் செய்யப்பட்டன. அவற்றினிடையே சுடுநீர் ஓடிக் குளிர்ந்தது. இயந்திர எண்ணெய் உடலின் பக்கங்கள் வழியே வால்வரை சென்று மீண்டது. எரிபொருள் மிதவைகளுள் நிரப்பப்பட்டது. அதிலும் வலது மிதவையில் மிகுதியாகவும் இடது மிதவையிற் குறைவாகவும் நிரப்பினர். விசிறி ஒரு திசையிற் சுழலும்போது விமானம் மறுதிசையிற் சாய முயலும். இடது மிதவை நீருள் அமிழும். வலப்புறத்துப் பாரம் அதனைச் சமன் செய்தது.

இரண்டாவது இடர் எரிபொருள். இயந்திரத்துள் காற்றையும் பெற்றோலையும் எவ்வளவு நெருக்கி அமுக்குகின்றோமோ அவ்வளவு வலுக் கிடைக்கும். ஆனால் அளவு மீறி அமுக்கினால் அக்கலவை உரிய கணத்துக்கு முன்னரே வெடித்து, சம்மட்டியால் அடித்ததுபோற் பிஸ்டன்களைச் சிதைத்துவிடும். றொட் பாங்ஸ் என்னும் எரிபொருள் நிபுணர், நிலக்கரியிலிருந்து பெறப்படும் பென்சோலைப் பெற்றோலுடன் கலந்து, ஈயச் சேர்மம் ஒன்றையும் சிறிதளவு சேர்த்து, அமுக்கத்தைத் தாங்கும் எரிபொருளை ஆக்கினார். எரிபொருளையும் இயந்திரத்தையும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு சேர்த்தே திட்டமிட வேண்டுமென்ற அறிவு பந்தயத்தினால் உறுதிப்பட்டது. அந்த ஈயம் மனித உடலுக்குத் தீங்கானதென்பது பின்னர் நன்கு தெளிந்து, 2021ஆம் ஆண்டளவில் மோட்டார் வண்டிப் பெற்றோலிலிருந்து உலகெங்கும் நீக்கப்பட்டது.

மூன்றாவது, இயந்திரத்தின் உறுதி. றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தார் 825 குதிரைவலுவுடைய தம் ‘பசர்ட்’ இயந்திரத்தை அடிப்படையாகக் கொண்டு ‘ஆர்’ என்னும் பந்தய இயந்திரத்தை ஆக்கினர். 1929இல் அது 1,900 குதிரைவலுவைத் தந்தது. 1931இல் 2,300ஐயும் கடந்தது. இவ்வெண்களைக் கூறுவது எளிது. டார்பி நகரத்துச் சோதனைக் கூடத்திலோ அவ்வியந்திரம் முதலிற் சில நிமிடங்களே முழு வலுவுடன் ஓடும்; பின்னர் ஏதேனும் ஓர் உறுப்பு உடையும். உடைந்த உறுப்பை ஆராய்ந்து, உறுதிபெறத் திருத்தி, மீண்டும் ஓட்டுவர். அடுத்து வேறோர் உறுப்பு உடையும். ஒரு மணி நேரம் தடையின்றி ஓடும்வரை இப்பணி இரவு பகலாக நடந்தது. வழக்கமான முறையிற் பல்லாண்டு கழித்து வெளிப்படும் குறைகள் சில மாதங்களில் வெளிப்பட்டன. பந்தயத்தின் நாள் குறிக்கப்பட்டிருந்தமையால் ஒத்திப்போடவும் இயலவில்லை.

1929ஆம் ஆண்டு பந்தயத்துக்கு முந்திய இரவு நிகழ்ந்ததோர் சம்பவம் இதனை நன்கு விளக்கும். இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள கால்ஷொட் தளத்தில், ஹென்றி வாக்ஹோர்ன் ஓட்டவிருந்த விமானத்தின் பிளக்குகளை மாற்றிக்கொண்டிருந்த தொழிலாளி, ஒன்றிற் சிறு உலோகத் துகள் ஒட்டியிருக்கக் கண்டார். பிஸ்டன் ஒன்று பழுதுறத் தொடங்கிவிட்டதற்கு அது அறிகுறி. இயந்திரத்தை மாற்ற விதி இடந்தரவில்லை, உறுப்பை மாற்றலாம். பந்தயத்தைக் கண்டு களிப்பதற்காக டார்பியிலிருந்து வந்திருந்த றோல்ஸ் றோய்ஸ் தொழிலாளர் சௌதாம்ப்டன் நகர விடுதிகளில் உறங்கிக்கொண்டிருந்தனர். நள்ளிரவில் அவர்களை எழுப்பிக் கொணர்ந்து, உருளைத் தொகுதியைக் கழற்றி, விடியுமுன் புதியதைப் பொருத்தினர். அவ்விமானமே 528.9 கிலோமீற்றர் வேகத்தில் வென்றது. சுற்றுகளின் எண்ணிக்கையைத் தவறவிட்ட வாக்ஹோர்ன், முடிந்துவிட்ட பந்தயத்தில் மேலுமொரு சுற்றைத் தொடங்கினார். எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்க நேர்ந்தது. தோற்றோமென்றெண்ணி வருந்தியிருந்த அவருக்கு, மீட்க வந்தவர்களே வெற்றிச் செய்தியைக் கூறினர்.

எல்லாக் கதைகளும் இவ்வாறு இனிதே முடியவில்லை. 1928ஆம் ஆண்டு மார்ச்சில் உலக வேகச் சாதனையை முயன்ற சாமுவேல் கிங்கெட், கால்ஷொட் அருகே கடலில் வீழ்ந்து மாண்டார். 1929இல் இத்தாலிய விமானி ஜுசெப்பே மொத்தா கார்டா ஏரியில் உயிரிழந்தார். அவ்வாண்டுப் பந்தயத்தில் இத்தாலியரின் புதிய விமானங்களிற் சுடுநீரும் புகையும் விமானியின் இருக்கைக்குள்ளேயே புகுந்து, அவர்களை இடைநடுவில் இறங்கச் செய்தன. 1931ஆம் ஆண்டுப் பந்தயத்துக்கான பயிற்சியில் ஆங்கிலேயரான பிரின்ரன், இத்தாலியரான மொந்தி, பெல்லினி ஆகியோரும் பிரெஞ்சு விமானி ஒருவரும் ஒரு சில வாரங்களுக்குள் மடிந்தனர். வேகத்தை மட்டும் கேட்ட விதிகள், விமானியின் உயிரைக் காக்கும் ஏற்பாடு எதனையும் கேட்டிருக்கவில்லை.

இத்துயரத்தின் நடுவே 1931ஆம் ஆண்டுப் பந்தயம் வந்தது. இங்கிலாந்து ஏற்கெனவே இருமுறை தொடர்ந்து வென்றிருந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியினால் வருந்திய பிரித்தானிய அரசு பந்தயத்துக்குப் பணம் தர மறுத்துவிட்டது. சீமாட்டி லூசி ஹூஸ்டன் என்னும் செல்வர் 1,00,000 பவுண் கொடுத்து உதவினார். இத்தாலியும் பிரான்சும் தம் விமானங்கள் ஆயத்தமாகாமையாற் கால அவகாசம் வேண்டின. ஆறுமாதமோ ஓராண்டோ ஒத்திவைக்கப்பட்டிருந்தால் கடும்போட்டி நிகழ்ந்திருக்கும். இங்கிலாந்து இணங்கவில்லை. செப்டெம்பர் 13ஆந் திகதி ஜோன் பூத்மன், எதிர்த்துப் பறப்பார் ஒருவருமின்றி, ‘எஸ். 6பி’ விமானத்தில் ஏழு சுற்றுகளையும் 547.3 கிலோமீற்றர் வேகத்திற் பறந்து முடித்தார். கிண்ணம் நிரந்தரமாக இங்கிலாந்துக்குரியதாயிற்று. அதே மாதம் 29ஆந் திகதி ஜோர்ஜ் ஸ்டெயின்போர்த் அதே வகை விமானத்தில் 655.8 கிலோமீற்றர் வேகத்தை எட்டி உலக சாதனை நிலைநாட்டினார். 1924ஆம் ஆண்டில் அமெரிக்கர் ஏற்க மறுத்த தனிப் பறப்பு வெற்றியை 1931ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஏற்றுக்கொண்டனர். முன்னது பந்தயத்தை வாழவைத்தது. பின்னது அதனை முடித்துவைத்தது.

இத்தாலியரின் விமானத்துக்கு நேர்ந்த இடையூறு பொறியியலாளருக்குப் பெரும் பாடமாயிற்று. கஸ்டோல்டியின் ‘எம்.சி. 72’ விமானத்தில் இரு பியட் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டு, 24 உருளைகளுடன், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையிற் சுழலும் இரு விசிறிகளை இயக்கின. தரையிற் சோதித்தபோது நன்றாக ஓடிய இயந்திரம், வானில் முழு வேகத்தை எட்டியதும் வெடித்துத் தடுமாறியது. காரணம், தரையிற் சோதிக்கும்போது இயந்திரத்துட் புகும் காற்று அமைதியானது. பறக்கும்போதோ மணிக்கு 600 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் அது உள்ளே திணிக்கப்படுகின்றது. எரிபொருட் கலவையின் அளவு தவறிவிடுகின்றது. றொட் பாங்ஸ் இத்தாலிக்குச் சென்று இதனை விளக்க, தரைச் சோதனையிலும் அதே வேகத்திற் காற்றைச் செலுத்தி ஓட்டிக் குறையைத் தீர்த்தனர். நேற்றுவரை எதிரணியில் இருந்த நிபுணரே மருந்து கூறினார். 1934ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆந் திகதி பிரான்செஸ்கோ அஜெல்லோ அவ்விமானத்தில் 709.2 கிலோமீற்றர் வேகத்திற் பறந்தார். பிஸ்டன் இயந்திரக் கடல் விமானங்களுள் இவ்வேகத்தை விஞ்சியது இன்றளவும் இல்லை. ஆனால் வெல்வதற்கு அப்போது கிண்ணம் இருக்கவில்லை.

இப்பந்தயத்தினால் உலகுக்குக் கிடைத்தது யாது? ‘ஷ்னைடர் விமானமே ஸ்பிட்பயர் போர் விமானமாக மாறியது’ என்று கூறுவாருளர். அது முழு உண்மையன்று. 1931ஆம் ஆண்டுக்குப் பின் மிட்செல் செய்த முதற் போர் விமானம், 1934இல் பறந்து, எதிர்பார்த்த வேகத்தை எட்டாது தோல்வியுற்றது. பந்தய விமானம் சில நிமிடங்களுக்கு வேகமாகப் பறந்தாற் போதும். போர் விமானமோ புல்தரையில் இறங்கவும், உயரே ஏறவும், துப்பாக்கிகளைச் சுமக்கவும் வேண்டும். தோல்வியை ஏற்றுக்கொண்டு மிட்செல் மீண்டும் தொடக்கத்திலிருந்து சிந்தித்தார். 1936ஆம் ஆண்டு மார்ச் 5ஆந் திகதி ஸ்பிட்பயர் முதன்முறை பறந்தது. மறு ஆண்டு ஜூன் மாதம், நாற்பத்திரண்டாம் வயதில், நோயினால் அவர் காலமானார். பந்தயத்திலிருந்து அவர் எடுத்துச் சென்றது ஒரு விமானத்தின் வடிவத்தையன்று; மெல்லிய உலோக உடலில் மிகுந்த வலுவை அடக்கிக் கையாளும் அனுபவத்தையே.

இயந்திரத்தின் வழிமுறை இன்னும் தெளிவானது. 1923இல் வென்ற கேட்டிஸ் இயந்திரத்தைக் கண்டு வியந்த ஆங்கில விமான உற்பத்தியாளர் ரிச்சட் ஃபெயரி அதனை இங்கிலாந்துக்குக் கொணர்ந்தார். அதற்கு விடையாக றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தார் ஒரே வார்ப்பான உருளைத் தொகுதியுடைய ‘கெஸ்ட்ரல்’ இயந்திரத்தை ஆக்கினர். கெஸ்ட்ரல் அளித்த அமைப்பும், ‘ஆர்’ இயந்திரத்தின் சோதனைகள் அளித்த அறிவும் சேர்ந்து, 1933இல் முதன்முதலாக ஓடிய ‘மேர்லின்’ இயந்திரத்துக்குத் துணைசெய்தன. ஸ்பிட்பயரிலும் ஹரிக்கேனிலும் லங்காஸ்டரிலும் ஓடியது அதுவே.

இலங்கையும் அதனை அறியும். 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அவற்றை எதிர்த்தெழுந்தவை மேர்லின் இயந்திரம் பூட்டிய ஹரிக்கேன் விமானங்கள். அவற்றுட் சில இரத்மலானையிலிருந்தும், வேறு சில, விமானத் தளமாக மாற்றப்பட்டிருந்த கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழுந்தன.

ஷ்னைடர் கனவுகண்ட விமானம் என்னாயிற்று? முதல் நாள், ஏப்பிரில் 4ஆந் திகதி, கொக்கலை வாவியிலிருந்து எழுந்து சென்ற கற்றலினா என்னும் பறக்கும் படகே ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு செய்தி அனுப்பியது. அதன் தலைவர் லெனார்ட் பர்ச்சல் பின்னர் சிறைப்பட்டார். 1943 முதல் 1945 வரை அதே வாவியிலிருந்து கற்றலினா விமானங்கள் இந்து சமுத்திரத்தைத் தாண்டி மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்குத் தங்காமற் பறந்தன. பயணம் ஒரு நாளுக்கு மேல் நீடித்தமையால் பயணிகள் இருமுறை சூரியோதயத்தைக் கண்டனர். மெதுவாகப் பறந்து, நீரில் இறங்கி, கண்டங்களை இணைத்த அவ்விமானமே ஷ்னைடர் வேண்டிய விமானம். ஆனால் அது அவருடைய பந்தயத்திற் பிறந்ததன்று.

அக்கனவும் நீடிக்கவில்லை. 1920களில் விரைவு விமானங்கள் நீரை நாடியதற்கு ஒரு காரணமுண்டு. சிறிய இறக்கையுடைய விமானம் எழவும் இறங்கவும் மிக நீண்ட ஓட்டம் வேண்டும். அத்தகைய நீளம் கடலில் மட்டுமே கிடைத்தது. இறங்கும்போது வேகத்தைத் தணிக்கும் இறக்கை மடல்களும், கோணம் மாற்றத்தக்க விசிறிகளும் வந்தபின் அத்தேவை நீங்கியது. 1939ஆம் ஆண்டில் உலக வேகச் சாதனை தரை விமானத்தின் கைக்கு மாறியது. போர்க்காலத்தில் உலகெங்கும் நீண்ட கொங்கிறீற்றுப் பாதைகள் அமைக்கப்பட்டபின் பயணிகள் விமானங்களும் நீரைக் கைவிட்டன.

ஷ்னைடர் இவற்றையெல்லாம் காணவில்லை. தம் செல்வத்தையெல்லாம் இழந்து, 1928ஆம் ஆண்டு மே மாதம் வறுமையிற் காலமானார். அவர் வழங்கிய வெள்ளிக் கிண்ணம் இலண்டன் அறிவியல் நூதனசாலையில், அதனை இறுதியாக வென்ற விமானத்துடன் வைக்கப்பட்டிருக்கின்றது. நங்கூரத்தில் மிதக்கவும் பாரம் சுமக்கவும் விதிகள் கேட்டபோது போட்டியாளர் கடலுக்கேற்ற விமானத்தைத் தேடினர். வேகத்தை மட்டும் விதிகள் கேட்டபோது வேகத்தை மட்டும் தேடினர். அதனைப் பெற்றும் கொண்டனர். போட்டிக்கு விதி வகுப்போர், அது விமானப் போட்டியாயினும் வேறெதுவாயினும், பரிசின் மதிப்பைத் தீர்மானிக்குமுன், தாம் உண்மையில் எதனைக் கேட்கின்றோமென்பதைச் சிந்தித்தல் நன்று. பன்னிரண்டு பந்தயங்களும் அவற்றில் மாண்ட விமானிகளும் விட்டுச்சென்ற பாடம் அது.